சிஸ்டரிடம் கேளுங்கள்: டயப்பருக்கு முன்னால் சில கேள்விகள்

படுக்கைப் புண் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புண்ணை விட்டுவிட்டு ஈரத்தைப் பிடித்துக்கொண்டன. முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மாவுக்கு, அப்பாவுக்கு, மாமியாருக்குச் சிறுநீர் கட்டுப்படவில்லை, என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள், போடவில்லை. நான் முதியோர் வார்டில் பல காலம் நர்ஸாக இருந்தவள், இப்போது இல்லங்களில் வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். டாக்டர் இல்லை. இங்கே மருந்துகள் பற்றி வருவதை உங்கள் டாக்டரிடம் கேட்பதற்கான கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 81 வயது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபின் இல்லத்தில் சேர்த்தோம். விழுவதற்கு முன்புவரை பாத்ரூமுக்குத் தானே போய் வந்தவர். சேர்ந்த மறுநாளே டயப்பர் போட்டுவிட்டார்கள். "இந்த வயதில் இப்படித்தான்" என்கிறார்கள். உண்மையா?

இல்லை. வயதானால் சிறுநீர்ப்பையின் கொள்ளளவு குறையும், வருகிறது என்று தெரிவதற்கும் வந்துவிடுவதற்கும் நடுவில் கிடைக்கும் நேரம் சுருங்கும், இரவில் அதிகம் சுரக்கும். இதெல்லாம் வயதின் கணக்கு. துணி நனைவது அதற்கு மேலே இன்னொரு காரணமும் சேரும்போதுதான். பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்தச் சிக்கல் உண்டு என்பது தெரிந்த விஷயம். அத்தனை பேருக்கு இருப்பதாலேயே யாருக்கும் காரணம் தேடத் தோன்றுவதில்லை.

உங்கள் அம்மா விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது மலச்சிக்கலை. ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் வலி மாத்திரைகளில் சில குடலை மந்தமாக்கும். மலம் இறுகிச் சேர்ந்தால் சிறுநீர்ப்பையை அழுத்தும், முழுதாகக் காலியாக விடாது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்துகொண்டே இருக்கும். கடைசியாக எப்போது மலம் கழித்தார் என்று கேளுங்கள். பதில் சொல்ல யாருக்கும் தெரியவில்லை என்றால் அங்கேயே ஒரு தடயம் கிடைத்துவிட்டது.

இரண்டாவது, ஆபரேஷன் சமயத்தில் சிறுநீர் வெளியேற ட்யூப் போட்டிருப்பார்கள். அதை எடுத்த பிறகு சிலருக்குச் சிறுநீர் சரியாகப் பிரியாமல் உள்ளேயே தங்கும். சிறுநீர்ப்பை நிரம்பி வழிவதைப் பார்த்து "அடக்க முடியவில்லை" என்று நினைத்துக்கொள்வோம், உண்மையில் அது "போகவில்லை". கழித்து முடித்த உடனே வயிற்றின் மேல் ஒரு சின்ன ஸ்கேன் வைத்துப் பார்த்தால் மீதி எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஊசி இல்லை, வலி இல்லை. 200 மில்லிக்கு மேல் தங்கினால் டாக்டர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வெறும் தூரம். சிறுநீர்ப்பை நன்றாகவே இருக்கும், கால் போய்ச் சேராது. பயிற்சி வகுப்பில் நான் பணியாளர்களை முழங்காலில் க்ரேப் பேண்டேஜ் இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலில் படுக்கச் சொல்வேன். கம்பியை இறக்கச் சொல்லி ஆளைக் கூப்பிட்டு, எழுந்து உட்கார்ந்து, வாக்கரைப் பிடித்து, கதவைத் தள்ளி, நாடா முடிச்சை அவிழ்த்து உட்காரும்வரை கடிகாரத்தில் நேரம் பார்ப்போம். இளவயதுப் பிள்ளைகளே மூச்சு வாங்குவார்கள். ஒரு கம்மோடு நாற்காலி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தால், நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் வந்தால், பாதிப் பேருக்கு அங்கேயே நிலைமை மாறும்.

இல்லத்தில் இப்படிக் கேளுங்கள்: "மூன்று நாளைக்கு, எப்போது போனார், எவ்வளவு, எப்போது நனைந்தார், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதி வையுங்கள்." அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் டாக்டரே யோசிக்க முடியும். அதைச் சீக்கிரம் கேளுங்கள். டயப்பர் போட்டால் நடக்க வேண்டிய காரணம் ஒன்று குறைகிறது. இடுப்பு ஆபரேஷன் ஆனவர் நடக்காமல் படுத்தால் தொடைத் தசை சில வாரங்களிலேயே கரைந்துவிடும். அப்புறம் நிஜமாகவே எழ முடியாது.

கேள்வி: சிஸ்டர், நான் இல்லத்தில் இருப்பவள், வயது 76. மணி அடித்தால் ஆள் வர நேரமாகிறது. அதனால் மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. அப்படியும் இரவில் படுக்கை நனைந்துவிடுகிறது. "முன்னாடியே சொல்றதுக்கென்ன" என்று ஆயா எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். எனக்குச் சாப்பாட்டு அறைக்குப் போகவே பிடிக்கவில்லை.

அம்மா, நீங்களே எழுதியது எனக்கு மிகவும் நல்லதாகப் போயிற்று. மற்ற கடிதங்கள் எல்லாம் பிள்ளைகள் எழுதியவை.

முதலில் தண்ணீர். குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி, சிறுநீர்ப்பையை உறுத்தி, இன்னும் அவசரமாக வரவைக்கும். மலச்சிக்கல் வரும், எழும்போது தலை சுற்றும். இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அதுதான் அளவு. அப்படி எதுவும் இல்லையென்றால் நாள் முழுவதற்கும் சேர்த்து ஒன்றரை லிட்டர் போல, காலையிலும் மதியத்திலும் பெரும்பகுதியைக் குடித்துவிடுங்கள். படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து மட்டும் குறையுங்கள். காப்பி, டீ மாலையில் வேண்டாம்.

அடுத்தது, சாயங்காலம் கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுகிறதா? பகலெல்லாம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும்போது காலில் இறங்கும் நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி வந்து சிறுநீராகிறது. நீங்கள் இரவில் குடிக்காவிட்டாலும் அது வரும். பிற்பகலில் ஒரு மணி நேரம் காலைத் தூக்கி வைத்துப் படுங்கள். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறீர்கள் என்றால், அந்த மாத்திரையாலும் கால் வீங்கும் என்பதால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீர் பிரியும் மாத்திரை, ஃப்ரூஸிமைட் மாதிரி ஏதாவது, மாலை தாமதமாகத் தருகிறார்களா என்றும் பாருங்கள். அதன் வேலை ஆறு மணி நேரம்போல நடக்கும். நேரத்தை மாற்றினாலே இரவு நிம்மதியானவர்கள் உண்டு. குறட்டை பலமாக விடுகிறீர்கள், பகலில் தூக்கம் தள்ளுகிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறவர்களுக்கு இரவில் சிறுநீர் அதிகம் சுரக்கும்.

அவசரம் வந்தவுடன் ஓடாதீர்கள். ஓட்டம்தான் கீழே தள்ளுகிறது, நனைக்கவும் செய்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே, வாயுவை அடக்குவதுபோல அடித்தசையைச் சட்டுச் சட்டென்று ஐந்தாறு தடவை இறுக்கி விடுங்கள். அவசரம் கொஞ்சம் அடங்கும். அடங்கிய பிறகு எழுந்து நடங்கள். அந்தத் தசைக்குத் தினமும் பயிற்சி கொடுக்கலாம். ஆர்னால்ட் கீகல் என்ற டாக்டர் 1948-ல் எழுதிவைத்த முறைதான் இன்றும் நடக்கிறது. மெதுவாக இறுக்கி, ஐந்து எண்ணி, விட்டு, அதே அளவு ஓய்வு கொடுத்து, ஒரு வேளைக்குப் பத்துத் தடவை. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். பொறுமை வேண்டும். மாதவிலக்கு நின்று பல வருடம் ஆனவர்களுக்கு உள்ளே தோல் வறண்டு எரிச்சலும் அவசரமும் இருக்கும். அதற்கு அந்த இடத்தில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் உண்டு. வெட்கப்படாமல் கேளுங்கள்.

ஆயா விஷயம். எல்லோர் முன்னாலும் அப்படிக் கேட்டது முறையே இல்லை. மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், முடிந்தால் எழுதிக் கொடுங்கள். கூடவே, "மணி அடித்தால் சீக்கிரம் வாருங்கள்" என்று மட்டும் கேட்காமல், "படுக்கும் முன் ஒரு தடவை, நான் வழக்கமாக விழிக்கும் நேரத்தில் ஒரு தடவை" என்று நேரம் குறித்துக் கேளுங்கள். இரவு டியூட்டி பார்க்கிறவருக்கும் அதுதான் சௌகரியம். நானும் இரவு டியூட்டி பார்த்தவள். நாலு பேர் ஒரே நேரத்தில் மணி அடித்தால் எவ்வளவு ஓடினாலும் ஒருவர் நனைந்துதான் போவார்.

கேள்வி: ஒரு டயப்பர் மேல் இன்னொன்று போட்டால் இரவு மாற்ற வேண்டாம் என்கிறார்களே?

உடம்பை ஒட்டி இருப்பதன் வெளிப்பக்கம் தண்ணீர் போகாத தாள். அடுத்ததற்கு எப்படி இறங்கும்? சூடும் வியர்வையும்தான் இரட்டிப்பாகும். இரவுக்கென்று உறிஞ்சும் திறன் அதிகமுள்ள ஒன்றே ஒன்று போதும். மாதவிலக்குப் பேட் வைத்துச் சமாளிக்கவும் வேண்டாம். சட்டென்று மொத்தமாக வரும் சிறுநீரை அது தாங்காது.

கேள்வி: அப்பாவுக்கு ஞாபகமறதி நோய். பாத்ரூம் நாலடியில் இருந்தும் அலமாரி மூலையில் போய்விடுகிறார். வேண்டுமென்றே செய்கிறார் என்கிறார்கள். எங்களுக்கே சில சமயம் அப்படித்தான் தோன்றுகிறது.

மூடிய கதவுக்குப் பின்னால் பாத்ரூம் இருக்கிறது என்று நினைவு வைத்துக்கொள்வதே ஒரு வேலை. அந்த வேலையை அவர் மூளையால் இப்போது செய்ய முடியவில்லை. மூலையும், குப்பைக் கூடையும், பூந்தொட்டியும் கண்ணுக்குத் தெரிகின்றன. அதனால் அங்கே போகிறார். பாத்ரூம் கதவைத் திறந்தே வையுங்கள், விளக்கு எரியட்டும். கட்டிலில் படுத்த நிலையிலேயே கம்மோடு தெரிகிறமாதிரி கட்டிலைத் திருப்பிப் போட முடியுமா என்று பாருங்கள். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கம்மோடு என்றால் அவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். உட்காரும் வளையத்தை மட்டும் சிவப்போ நீலமோ ஆக்கினால் பளிச்சென்று தெரியும். கதவில் எழுத்தைவிடப் படம் உதவும், அதுவும் அவர் கண் மட்டத்தில்.

அப்புறம், கேட்டு அழைத்துப் போகும் முறை. 1980-களில் அமெரிக்க முதியோர் இல்லங்களில் ஜான் ஷ்னெல் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் இதைச் சோதித்து நிலைநிறுத்தினார்கள். செய்வதற்கு எளிது. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரிடம் போய், "ஈரமா இருக்கா, காய்ஞ்சிருக்கா?" என்று கேட்க வேண்டும். அவர் சொன்ன பிறகு நீங்கள் தொட்டுப் பார்க்க வேண்டும். "போகலாமா?" என்று கேட்க வேண்டும். சரி என்றால் கூட்டிப் போக வேண்டும். காய்ந்திருந்தால் "நல்லது" என்று ஒரு வார்த்தை, அடுத்து எப்போது வருவேன் என்று ஒரு வார்த்தை, குடிக்கத் தண்ணீர். நனைந்திருந்தால் பேசாமல் மாற்றிவிட வேண்டும், கண்டிப்பு கூடாது. மூன்று நாளில் தெரிந்துவிடும். இல்லத்தில் இருப்பவர்களில் கால் பங்கிலிருந்து நாற்பது சதவீதம் பேர் வரை இதில் நன்றாகத் தேறுகிறார்கள். எத்தனை சொற்கள் பேசுகிறார், ஞாபகம் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து யார் தேறுவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, செய்துதான் பார்க்க வேண்டும். தேறாதவர்களுக்கு நேரத்துக்குப் பார்த்து மாற்றுவதுதான் வழி, அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். இரவில் இதற்காகத் தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. விழித்திருந்தால் மட்டும்.

உடையைப் பிடித்து இழுப்பது, சும்மா எழுந்து எழுந்து உட்காருவது, சட்டென்று கோபப்படுவது, இவையெல்லாம் அவர் "வருகிறது" என்று சொல்லும் விதமாக இருக்கலாம். கவனித்தால் ஒரு வாரத்தில் பிடிபடும்.

ஒன்றை மட்டும் டாக்டரிடம் கேளுங்கள். மறதி, சிறுநீர் இரண்டோடு நடையும் மாறி, கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல இழுத்து நடக்கிறாரா? மூளையில் நீர் தேங்கும் ஒரு நிலை இந்த மூன்றையும் சேர்த்துக் கொண்டுவரும். கொலம்பியாவின் சலமோன் ஹக்கீம் என்ற அறுவை மருத்துவர் 1965-ல் விவரித்தது. அரிதுதான், ஆனால் குழாய் வைத்து நீரை வடித்தால் சிலர் தேறுகிறார்கள் என்பதால் தவறவிடக் கூடாது.

கேள்வி: மாமியாருக்கு மறதிக்கு டொனெபெசில் கொடுத்தார்கள். சில வாரத்தில் சிறுநீர் அவசரம் ஆரம்பித்தது. அதற்கு ஆக்ஸிபியூட்டினின் எழுதிக் கொடுத்தார்கள். இப்போது வாய் உலர்கிறது, குழப்பம் கூடியிருக்கிறது. நோய் முற்றிவிட்டதா?

உங்கள் கடிதத்தை எழுதிய வரிசையிலேயே டாக்டர் கையில் கொடுங்கள். முதல் மாத்திரை மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் கூட்டுகிறது. அது சிறுநீர்ப்பையையும் சுருங்கத் தூண்டலாம். இரண்டாவது மாத்திரை அதே பொருளைத் தடுக்கிறது. ஒரே கதவை ஒருவர் உள்ளே தள்ள, இன்னொருவர் வெளியே இழுக்கிறமாதிரி. முதல் மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எண்ணி இரண்டாவது எழுதும் இந்தத் தொடர், குறிப்பாக இந்த இரண்டு மருந்துகளின் ஜோடி, 2005-லேயே ஆய்விதழில் வந்துவிட்டது.

ஆக்ஸிபியூட்டினின் வகை மருந்துகள் வயதானவர்களுக்கு வாய் உலர்வு, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, குழப்பம் எல்லாம் தரக்கூடியவை. மறதி நோய் உள்ளவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய பட்டியலில் இருக்கின்றன. மருந்து கட்டாயம் வேண்டுமென்றால் மிராபெக்ரான் என்று வேறு வகை இருக்கிறது. அது மூளையை அவ்வளவு தொந்தரவு செய்யாது, ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் குளோர்ஃபெனிரமின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் ஆகியவையும் இதே குணம் உள்ளவை. மாமியார் சாப்பிடும் மருந்துகளில் அவையும் ஒளிந்திருக்கின்றனவா பாருங்கள்.

கேள்வி: அப்பாவின் யூரின் கல்ச்சரில் ஒவ்வொரு தடவையும் கிருமி என்று வருகிறது. ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக். ஆனாலும் நனைவது நிற்கவில்லை.

நிற்காது. நெடுநாள் இல்லத்தில் இருக்கும் பெண்களில் 25 முதல் 50 சதவீதம் பேருக்கும், ஆண்களில் குறைந்தது 15 சதவீதம் பேருக்கும் எந்த உபத்திரவமும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். அதை அழித்தாலும் திரும்ப வந்துவிடும். நடுவில் வயிற்றுப்போக்கும் மருந்துக்கு மசியாத கிருமியும்தான் மிச்சம். புதிதாக எரிச்சல், காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவில் வலி, ரத்தம் என்று ஏதாவது இருந்தால் பரிசோதனையும் மருந்தும் சரி. "நாற்றமாக இருக்கிறது", "கலங்கலாக இருக்கிறது" என்பதற்காகக் கல்ச்சர் அனுப்புவதை நிறுத்தச் சொல்லுங்கள். நாற்றத்துக்குப் பெரும்பாலும் தண்ணீர் போதாததுதான் காரணம். மறதி உள்ளவருக்குக் குழப்பம் மட்டும் கூடி, காய்ச்சலோ எரிச்சலோ இல்லையென்றால், உடனே ஆன்டிபயாடிக் கொடுக்காமல் வேறு காரணம் தேடிக் கவனிக்கச் சொல்கிறது அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டி.

கேள்வி: நான் இல்லத்தில் வேலை செய்கிறேன். எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவினாலும் ஒரு பாட்டிக்குத் தொடை இடுக்கு சிவந்தே இருக்கிறது. பவுடர் போடுகிறோம்.

சோப்பைக் குறைம்மா. நம் தோலுக்கு லேசான அமிலத் தன்மை உண்டு, சாதாரண சோப்பு காரம். ஈரத்தில் ஊறிய தோலில் சோப்புப் போட்டுத் தேய்த்தால் மிச்சமிருக்கும் காப்பும் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர், அல்லது சோப்பு இல்லாத க்ளென்ஸர், மெல்லிய துணி. ஒற்றி எடு, தேய்க்காதே. பவுடர் ஈரத்தில் கட்டிகட்டியாகி உரசும், அதைத் தூக்கிப் போடு. அதற்குப் பதிலாகப் பெட்ரோலியம் ஜெல்லி, ஜிங்க் ஆக்ஸைடு, டைமெத்திகோன் இவற்றில் ஏதோ ஒன்றை மெல்லிசாகத் தடவு. அப்பிவிட்டால் டயப்பர் உறிஞ்சாது. அடுத்த தடவை ஜிங்க் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டாம். அழுக்கான மேல் பகுதியைத் துடைத்துவிட்டு அதன் மேலேயே தடவலாம்.

சிவப்பின் ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளியாகத் தனியே தெரிந்தால் பூஞ்சை, அதற்குத் தனி மருந்து. எலும்பு துருத்தும் இடத்தில் ஒரே ஒரு வட்டமாகச் சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் அது ஈரத்தால் வந்ததில்லை, படுக்கைப் புண்ணின் தொடக்கம். அன்றே நர்ஸிடம் காட்டு.

உன்னிடம் இன்னொன்று. "டயப்பர்தான் போட்டிருக்கே, அதிலேயே போங்க" என்று யாராவது சொல்லக் கேட்டால் தடு. நான் போன இல்லங்களில் இந்த வாக்கியம் காதில் விழாத இடம் குறைவு. போக வேண்டும் என்று கேட்கத் தெரிந்தவரை அந்த ஒரு வாக்கியத்தாலேயே கேட்காதவராக ஆக்கிவிடலாம்.

கேள்வி: ஆள் பற்றாக்குறை. எல்லோருக்கும் ட்யூப் போட்டுவிட்டால் என்ன? (ஓர் இல்ல நிர்வாகி)

ட்யூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் மூன்றிலிருந்து ஏழு சதவீதம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் கிருமி சேரும். ஒரு மாதத்தில் அநேகமாக எல்லோருக்கும். அடைப்பு, கசிவு, மறதி உள்ளவர் ட்யூபை, அதை உள்ளே பிடித்துவைக்கும் பலூனோடு பிடுங்கி ரத்தம் கொட்டுவது, எல்லாவற்றையும் பார்க்கவும் உங்களுக்கு ஆள்தான் வேண்டும். வேறு வழியில் வெளியேற்ற முடியாத அடைப்பு, ஈரத்தால் ஆறாத ஆழமான புண், கடைசிக் காலத்தில் அசைத்தாலே வலி என்கிற நிலை, இவற்றுக்குத்தான் ட்யூப். ஆண்களுக்கு ஆணுறைபோல வெளியே மாட்டும் வகை இருக்கிறது, கட்டிலோரத்தில் ஒரு யூரின் பாட்டிலும் இருக்கிறது. ஆள் வேண்டும் என்பது உண்மைதான், அதை நிர்வாகக் குழுவில் சண்டை போட்டு வாங்குங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு நேற்றிலிருந்து திடீரென்று கட்டுப்படவில்லை. முதுகு வலிக்கிறது என்கிறார், கால் பலமில்லை என்கிறார். டயப்பர் எந்த அளவு வாங்குவது?

இவருக்குப் போனிலேயே பதில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே. டயப்பர் வாங்கப் போகாதீர்கள், அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். திடீர்க் கசிவோடு கால் பலவீனம், முதுகு வலி, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, மலமும் தெரியாமல் போவது இவற்றில் ஏதாவது சேர்ந்தால் தண்டுவடமோ அதன் கீழ் நரம்புகளோ நசுங்கிக்கொண்டிருக்கலாம். அதில் மணி நேரக் கணக்குத்தான், நாளை டாக்டர் வருவார் என்று காத்திருக்க முடியாது. வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் அது அவ்வளவு அவசரமில்லை, ஆனால் ஒரே தடவை வந்து நின்றிருந்தாலும் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள அந்த வாரமே யூராலஜிஸ்ட்டை, அதாவது சிறுநீர்ப் பாதை மருத்துவரைப் பாருங்கள்.